வளவும் வாவியும்

உயர்தர வகுப்பொன்றில் சொத்துரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில் மாணவன் ஒருவன் எழுந்து, "எங்கட வளவுக்க வீடு கட்டுறதுக்கு நாங்க ஏன் சேர் இன்னொருத்தரிட்டக் கேக்கணும்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலே, மட்டக்களப்பு வாவியின் விளிம்பிலே, அவனுடைய தாயாரின் பெயரில் சிறு வளவொன்று உண்டு. மேட்டுப் பகுதியில் இப்போதைய வீடு நிற்கிறது. வாவிப் பக்கமாகச் சரிந்து கிடக்கும் பள்ளத்தில் மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கோடையில் தரை காய்ந்து வெடிக்கும். அந்தப் பள்ளத்தை மண்போட்டு உயர்த்தி மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டிவிட வேண்டுமென்பது தகப்பனின் எண்ணம். மகளுக்கு வீடு என்பது எங்கள் பகுதியில் ஆடம்பரமன்று. வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போவதும், கலியாணம் முடித்த ஆண்மகன் பெண்ணின் வீட்டிலே வந்து குடியேறுவதும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோலவே கைக்கொள்ளும் வழமை. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வருவது அரிது. ஆதலால் அந்தப் பள்ளத்தை நிரப்ப அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பம் வெறும் கட்டட விண்ணப்பம் அன்று. ஒரு பெண்ணின் வாழ்வு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. வாவியின் விளிம்பில் நிலத்தை உயர்த்தலாகாது என்பது காரணம். அரை மைல் தள்ளி அதே வாவியின் விளிம்பில் வேறொருவர் இரவிரவாக டிப்பரில் கிரவல் கொண்டுவந்து கொட்டி, மதில் எழுப்பி, வாயிலில் இரும்புக் கேற்றும் போட்டுவிட்டார் என்பதையும் பையன் சொன்னான்.

அன்று மணி அடித்துவிட்டது. ஆசிரியனுக்கு மணி சில வேளைகளில் நல்ல நண்பன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. நம்மைப்போன்றவர்களிடம் அதற்கு ஆயத்தமான விடைகள் இரண்டு உண்டு. நிலம் தனியொருவனின் சொத்தல்ல, சமுதாயத்தின் சொத்து. ஆகவே சமுதாயம் கட்டுப்பாடு விதிப்பது நியாயமே என்பது ஒன்று. சட்டம் என்பது ஆளும் வர்க்கத்தின் கருவி. ஆகவே இந்த அனுமதி முறை ஏழையை ஒடுக்கும் சூழ்ச்சியே என்பது மற்றது. இரண்டையும் நாம் மேடைக்கேற்ப மாற்றி மாற்றிச் சொல்லி வந்திருக்கிறோம். ஒரே மனிதன் ஒரே நாளில் இரண்டையும் எப்படிச் சொல்ல முடியும் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டதில்லை. அந்தப் பையனின் வளவு கேட்க வைத்தது.

முதலில் "எங்கட வளவு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உழைப்பைக் கலந்தவனுக்குப் பொருள் சொந்தம் என்று ஆங்கிலத் தத்துவஞானி லொக் 17ஆம் நூற்றாண்டில் வாதித்தார். பானைக்கும் படகுக்கும் அது பொருந்தும். பானையைக் குயவன் வனைகிறான். நிலத்தை எவனும் வனைவதில்லை. மேட்டை உழுதவன் மேட்டைப் படைத்தவனல்லன். லொக்கே தம் வாதத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தார்: பிறருக்கும் போதியதும் நல்லதும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அது. மிஞ்சியிருக்கிறதா என்பதைச் சொத்துடையவர்கள் பின்னர் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். அதற்கு முன்னரே, 533ஆம் ஆண்டில், ஜஸ்டீனியன் பேரரசனின் சட்ட நூல் காற்றையும் ஓடும் நீரையும் கடலையும் கடற்கரையையும் யாவர்க்கும் பொதுவானவை என்று வகுத்திருந்தது. இதை ஏதோ தூரதேசத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டம், அந்த ரோமாபுரி மரபின் வழிவந்ததே. இலங்கையின் பொதுச்சட்டமாக அது இன்றும் நிற்கிறது.

ஆனால் ரோமாபுரி வரை போகவேண்டிய அவசியமே இல்லை. படுவான்கரை வயல்களுக்குப் போனாற் போதும். ஆயிரம் ஏக்கர் வைத்திருந்த போடியார் கூடத் தான் நினைத்த நாளில் விதைத்தது கிடையாது. வட்டைக்குள் எல்லாரும் கூடி நாட்குறித்த பின்னரே விதைப்பு. எந்தத் திகதிக்குள் மாடுகளை வட்டையைவிட்டு வெளியேற்ற வேண்டும், வேலியில் எந்தப் பங்கை யார் அடைக்க வேண்டும், வாய்க்காலை யார் வெட்ட வேண்டும் என்பனவெல்லாம் கூட்டத்தில் முடிவாகும். வட்டை விதானை அதை நடத்துவிப்பார். உறுதி எவர் பெயரில் இருந்தாலும் தண்ணீர் உறுதியைப் பார்த்து ஓடுவதில்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1856இல் பிரித்தானியர் கொண்டுவந்த நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நெல் வயல்களின் பழைய வழமைகளை மீட்டு நிலைநாட்டுவதையே தன் நோக்கமாக அறிவித்தது. பிடுங்குவதிலேயே குறியாயிருந்த ஆட்சி கூட, கட்டுப்பாடில்லாத உடைமையால் நெல் விளையாது என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. (போடியாரும் கட்டுப்பட்டார் என்றதைக் கொண்டு அந்த அமைப்பு நீதியானதென்று யாரும் கொள்ளலாகாது. விளைச்சலின் பங்கைப் பிரிக்கையில் வயற்காரனின் குரலுக்கு அந்தக் கூட்டத்தில் எவ்வளவு நிறை இருந்ததென்பது வேறு கதை.)

ஆகவே "என் காணியில் நான் நினைத்ததைச் செய்வேன்" என்ற தத்துவம் நம் மண்ணில் முளைத்ததன்று.

அடுத்தது வாவி. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு சமாந்தரமாகக் கிடக்கும் இந்த நீர்ப்பரப்புக்கு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கமாகவுமே கடலோடு தொடர்பு உண்டு. கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிடும். ஐப்பசி பிறந்து வாடைக்கொண்டல் மழை கொட்டத் தொடங்கியதும் உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் நிரம்பி வழியும் நீரெல்லாம் வாவிக்குள் வந்து இறங்கும். அப்போது ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழும். தம் வயல்கள் அழுகுகின்றன, உடனே வாயை வெட்டி நீரைக் கடலுக்கு விடுங்கள் என்பார்கள் படுவான்கரை விவசாயிகள். அகால வேளையில் வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் போய்விடும், எங்கள் பிழைப்புப் போய்விடும் என்பார்கள் வாவியில் வலை வீசுவோர். இரு சாராரும் உழைப்பாளிகள். இரு சாராரும் உண்மையே சொல்கிறார்கள். ஒரே தண்ணீர் ஒருவன் வயலுக்கு நஞ்சு, மற்றவன் வலைக்கு அமுது. வாயை வெட்டுவது எவருடைய தனியுரிமையும் அன்று என்பதால் மாவட்டச் செயலகத்தில் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.

இவ்வாறிருக்க, விளிம்பிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் மாரியில் நீர் வந்து தங்கிச் செல்லும் இடமாகும். கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கும் இடங்கள் மீன்குஞ்சுகளின் தொட்டில். ஒரு பள்ளத்தில் மண்ணைக் கொட்டினால் அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் இல்லாமற் போய்விடாது. அடுத்தவன் முற்றத்துக்குப் போகும். 2011ஆம் ஆண்டு சனவரி வெள்ளத்தை மட்டக்களப்பார் மறந்திருக்க மாட்டார்கள். அன்று வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் அத்தனையும் வானத்திலிருந்து மட்டும் வந்ததன்று; போகவேண்டிய வழிகளை நாம் அடைத்துவிட்டதனாலும் வந்தது. எனவே அந்தத் தகப்பனின் விண்ணப்பத்தை மறுத்த விதி, விதி என்ற அளவில், நியாயமானது. இதைச் சொல்வது எனக்கு உவப்பான காரியமன்று. ஆயினும் ஏழையின் டிப்பர் மண்ணுக்கும் பணக்காரனின் டிப்பர் மண்ணுக்கும் தண்ணீர் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஏழை நிரப்பினாலும் மூழ்குவது பெரும்பாலும் இன்னொரு ஏழையின் வீடே.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். சுற்றாடல் மாநாடுகளில் அவர்களைக் காணலாம். நாம் நிறுத்த முடியாது. ஏனெனில் நியாயமான விதி ஒன்று அநியாயமான கைகளில் எவ்வாறு வேலை செய்கிறதென்பதை நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம்.

இந்நாட்டில் நிலத்துக்கு அனுமதி கேட்கும் முறை எங்கிருந்து வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும் முடிக்கே உரியவை என்ற அனுமானத்தை நிறுவியது. அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, எழுத்தே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தும் சேனை வெட்டியும் வந்த கிராமத்தவன் தலையில் விழுந்தது. பொதுவாயிருந்தது அரசினுடையதாயிற்று. அரசினுடையதானது கோப்பித் தோட்ட முதலாளிக்கு விற்பனையாயிற்று. பின்னர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியானவனுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் உறுதியாகக் கொடுக்கவில்லை, அனுமதிப்பத்திரமாகக் கொடுத்தது. விற்கலாகாது, நினைத்தபடி ஈடு வைக்கலாகாது, துண்டாடலாகாது. வட்டிக்காரனிடமிருந்து ஏழையைக் காப்பதற்காக என்றார்கள். அதில் உண்மையும் இல்லாமலில்லை. இருந்தும் ஒன்றைக் கவனியுங்கள். பணமுள்ளவனுக்கு உறுதிக்காணி, பணமில்லாதவனுக்குப் பெர்மிட் காணி என்று நிலமே இரண்டு சாதியாகப் பிரிந்துவிட்டது. அதற்கும் கீழே மூன்றாவது வகை ஒன்று உண்டு: எந்தக் காகிதமும் இல்லாமல் கரையோரத்தில் குடிசை போட்டு வாழ்பவன். கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் முதற் கேள்வியே உரிமையைப் பற்றியது. அவனுக்கு அனுமதி மறுக்கப்படுவதுகூட இல்லை. மறுக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டுமே.

கரையோரத்துக்கென்று தனிச்சட்டம் 1981இல் வந்தது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் அனுமதியின்றி அபிவிருத்தி வேலை எதுவும் செய்யலாகாது. கடலோடு தொடுக்கும் வாவிகளைப் பொறுத்தவரையில் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரையில்தான் அச்சட்டத்தின் கை நீண்டது. 56 கிலோமீற்றர் வாவிக்கு 2 கிலோமீற்றர்ச் சட்டம்! 2011ஆம் ஆண்டுத் திருத்தமே இத்தகைய நீர்நிலைகளின் சுற்று விளிம்பிலும் 100 மீற்றரைச் சேர்த்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் யுத்தமும் வந்து போயிற்று. விளிம்பிலே பற்பல பள்ளங்கள் மேடாயின.

இனி 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளுக்கு வருவோம். ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கீற்றாகக் கிடக்கும் நாவலடிக் கிராமம் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. உயிர் தப்பியவர்கள் தம் வீட்டின் அத்திவாரம் எங்கே இருந்ததென்று மணலைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், 2005இன் தொடக்கத்தில் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கட்டலாகாது.

கிழக்குக் கரை தாழ்ந்தது, ஆதலால் அலை அதிக தூரம் வரும் என்று இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கூறப்பட்டது. காரணம் முற்றும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அளவுகோலைப் பிடித்தவர்கள் எழுவான்கரையின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருப்பார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு. தெற்கிலே கரையிலிருந்து பின்வாங்கினால் பின்னால் நிலம் இருக்கும், மேடு இருக்கும். இங்கே பல இடங்களில் கடலிலிருந்து பின்வாங்கினால் கால் வாவியில்தான் படும். முன்னே கடல், பின்னே வாவி, நடுவில் 200 மீற்றர் விதி. அந்த விதிக்குப் பொருள் ஒன்றுதான்: ஊரைக் காலிசெய். வீட்டு வாசலிலிருந்து கடலைப் பார்த்தே அன்றைக்கு வள்ளம் இறக்கலாமா என்று தீர்மானிக்கும் மனிதனைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் குடியேற்றினால் அவன் தொழில் என்னவாகும் என்பது எந்தக் கோட்டிலும் குறிக்கப்படவில்லை. நாவலடியாரும் அயற்கிராமத்தாரும் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். கடலுக்கு அஞ்சி ஓடியவர்களுக்கு மாரியில் வெள்ளம் தேங்கும் தாழ்நிலம் வாய்த்தது.

இவ்வளவையும் உயிர்காக்கும் விதியென்று பொறுத்துக்கொள்ளலாம், விதி எல்லார்க்கும் விதியாயிருந்தால். அது அவ்வாறிருக்கவில்லை. மீனவன் குடிசைக்குத் தடை. சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு. அறுகம்குடாவில் நடந்ததை நயோமி கிளைன் 2007இல் வெளிவந்த தம் நூலில் உலகறிய எழுதினார். அலைக்கு மீனவக் குழந்தை எது, வெளிநாட்டு விருந்தாளி எது என்று தெரியும் போலும்! ஆபத்தே காரணமென்றால், நீந்தவும் அறியாத அந்நியனை முதலில் அல்லவா அங்கிருந்து விலக்க வேண்டும்? விதி தளரத் தொடங்கியது 2005 இறுதியில். அதற்குள் பலருடைய வாழ்வு வேறிடத்தில் நடப்பட்டு முடிந்திருந்தது. பின்னர் யுத்தம் முடிந்த கையோடு பாசிக்குடா தேசிய விடுமுறை விடுதி வலயமாக்கப்பட்டது. 2011 முதல் ஒன்றன்பின் ஒன்றாக ஆடம்பர விடுதிகள் எழுந்தன. தலைமுறைகளாகத் தோணி கட்டிய துறை சுருங்கிப்போயிற்று என்ற மீனவரின் முறைப்பாடு இன்னும் ஓயவில்லை. மீன் பாடும் தேனாடு என்று விளம்பரத் தாளில் அச்சிடுகிறார்கள். மீன் பிடிப்பவனைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

இதைவிட ஆழமாகத் தைத்த முள் வேறொன்று. முன்னே சொன்ன தாய்வழி வழமையை நினைவுகூருங்கள். மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு ஏட்டிலிருந்து மறைந்தது. ஆயினும் வீடு மகளுக்கே என்ற வழமை மக்களிடையே மறையவில்லை. அலை அடித்துச்சென்ற வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களுடைய சீதன வீடுகள். அவற்றுக்குப் பதிலாக அரசும் தொண்டு நிறுவனங்களும் புதிய வீடுகள் கொடுத்தபோது, குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. ஆணின் பெயர் எழுதப்பட்டது. தாய், பாட்டி, பூட்டி என்று நூறாண்டுகளுக்கு மேலாகப் பெண்வழி வந்த உடைமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறிற்று. கணவன் இன்னொரு திருமணம் செய்துகொண்டால், குடித்துவிட்டு அடித்துத் துரத்தினால், "இது என் வீடு, நீ வெளியே போ" என்று சொல்லும் பலம் மட்டக்களப்புப் பெண்ணுக்கு முன்பு இருந்தது. மீள்குடியேற்ற வீட்டில் அது போயிற்று. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடி, பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ உரித்து வேண்டும் என்று கேட்டன. அரச காணிச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்ற விடையே நெடுங்காலம் கிடைத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசு வரிசையில் மகனை மகளுக்கு முன்னே நிறுத்தியிருந்தது. அந்தப் பாரபட்சத்தை நீக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. எண்பத்தேழு ஆண்டுகள்!

நிலப் பயன்பாட்டு விதி என்பது கோட்டையும் மீற்றரையும் பற்றிய தொழில்நுட்ப விடயம் என்று எண்ணுவோர்க்கு இது ஒரு பாடம். கோடு எங்கே விழுகிறதென்பதைவிட, கோட்டுக்கு வெளியே போகிறவனின் கையில் என்ன கொடுக்கப்படுகிறது, யாருடைய பெயரில் கொடுக்கப்படுகிறது என்பதிலேதான் நீதி இருக்கிறது.

உலகின் மற்றைய பாகங்களிலும் கதை அதிகம் வேறன்று. அமெரிக்காவின் சில நகரங்கள் கறுப்பினத்தார் இன்ன வீதியில் வசிக்கலாகாது என்று வலயச் சட்டமே இயற்றின. 1917இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 1926இல் ஒகையோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் ஊரின் வழக்கில், எந்தப் பகுதியில் எவ்வகைக் கட்டடம் என்று வகுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டென்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிறத்தைச் சொல்லி விலக்கக்கூடாது. அடுக்கு வீட்டை விலக்கலாம். அடுக்கு வீட்டில் யார் குடியிருப்பார், தோட்டம் சூழ்ந்த தனி வீட்டில் யார் குடியிருப்பார் என்பது எல்லார்க்கும் தெரிந்த இரகசியம்.

நம் நாட்டிலும் ஒளி தெரிந்த நாட்கள் உண்டு. நீர் தேங்குவதற்கென்று பத்தரமுல்லையில் பொதுத்தேவைக்காக எடுக்கப்பட்ட நிலம் கொல்ப் விளையாட்டு மைதானமாக மாறிய விவகாரத்தில், 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அக்கொடுக்கலை இரத்துச் செய்தது. முன்னாள் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. ஆட்சியாளர் பொதுச்சொத்தின் உடைமையாளர் அல்லர், அறங்காவலர் மட்டுமே என்பது அத்தீர்ப்பின் உயிர். அந்தத் தத்துவம் கொழும்புக்கு அருகே கொல்ப் மைதானத்தில் செல்லுபடியாகுமென்றால் பாசிக்குடா மணலிலும் வாவி விளிம்பிலும் செல்லுபடியாக வேண்டும்.

நண்பர் ஒருவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் விதிகளையே தூக்கியெறிய வேண்டியதுதானே? பணக்காரன் மீறுகிறான், ஏழையும் மீறட்டும்" என்றார். கேட்பதற்குப் புரட்சி போலிருக்கும். விதியில்லாத வாவிக்கரையில் வெல்லப்போவது யார்? தலைச்சுமையாக மண் சுமக்கும் தகப்பனா, டிப்பர் வைத்திருப்பவனா? விதியில்லாத நிலம் ஏழைக்குக் கிடைக்காது. அது சந்தைக்குக் கிடைக்கும். மறுபுறத்தில், விதி எல்லார்க்கும் ஒன்றே, விலக்கு எவர்க்கும் இல்லை என்று கைகழுவும் அதிகாரியையும் நான் ஏற்கமாட்டேன். பத்து வளவு உள்ளவனுக்கு ஒரு வளவில் தடை விழுந்தால் அது ஒரு சிறு நட்டம். ஒரேயொரு வளவு உள்ளவனுக்கு விழுந்தால் அது அவன் மகளின் எதிர்காலம். ஒரே விதி இருவர் தோளிலும் ஒரே பாரமாக இறங்குவதில்லை.

ஒரு பள்ளம் பள்ளமாகவே கிடப்பதால் நன்மை அடைவது யார்? வெள்ளத்திலிருந்து தப்பும் முழு ஊரும், மீன்பிடிக்கும் முழு வாவியும். அந்த நன்மைக்கு விலை கொடுப்பது யார்? பள்ளத்தின் சொந்தக்காரர் மட்டும். ஊர் நன்மைக்காக ஒரு குடும்பத்திடமிருந்து எடுப்பதை வரி என்று ஒப்புக்கொண்டால், வரியில் வலியவன் அதிகமும் மெலியவன் குறைவும் கொடுக்க வேண்டும் என்ற நியாயமும் கூடவே வந்துவிடும். தடை விதிக்கும் கையே மாற்று நிலத்தையும் நீட்ட வேண்டும். அதையும் பெண்ணின் பெயரில், தொழிலுக்கு எட்டும் தூரத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில் நீட்ட வேண்டும். தியாகம் கேட்கும் வரிசையில் இலாபத்துக்காகக் கட்டுபவன் முதலிலும், தலைக்குமேல் கூரைக்காகக் கட்டுபவன் கடைசியிலும் நிற்க வேண்டும். 2005இல் இந்த வரிசையைத் தலைகீழாக நிறுத்தினார்கள். மேலும், எந்தப் பள்ளம் பள்ளமாக இருக்க வேண்டுமென்பதை மூடிய அறையில் வரைபடத்தின்மேல் தீர்மானிக்காமல், வட்டைக் கூட்டத்தைப்போல, முகத்துவாரம் வெட்டும் கூட்டத்தைப்போல, ஊரறியத் தீர்மானிக்க வேண்டும். இரவில் மண் கொட்டுபவன் அஞ்சுவது அலுவலகத்துக்கு அன்று, அயலவனின் கண்ணுக்கே. அந்தக் கண்ணுக்குச் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும்.

இவ்வளவையும் அடுத்த வாரம் வகுப்பிலே சொன்னேன். மீன்குஞ்சு, கண்டல், 2011 வெள்ளம், நாவலடி எல்லாவற்றையும் சொன்னேன். பையன் கவனமாகக் கேட்டான். உன் தகப்பனார் அந்தப் பள்ளத்தை நிரப்பக்கூடாது என்பதே என் முடிவும் என்றபோது அவன் முகம் மாறவில்லை. மாற்று நிலம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, மனு எழுத நான் உதவுகிறேன் என்றேன். "அது கிடைக்க எத்தின வருசம் சேர் ஆகும்?" என்றான்.

மனு எழுதிக் கொடுத்தோம். பதிவுத்தபாலில் அனுப்பிய துண்டை அவன் தகப்பனார் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறார். ஆவணியில் நடப்பதாயிருந்த அக்காவின் கலியாணத்தைத் தைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அரை மைலுக்கு அப்பால் மதில் எழுப்பியவர் இப்போது இரண்டாம் மாடிக்குத் தட்டு அடிக்கிறார்.